ஞாயிற்றுக்கிழமை நண்டுகள்

அந்த மாதம் முழுக்க என் விரல்களில் ஃபார்மலின் நெடியும் முந்திரிக்கொத்துப் பாகின் மணமும் சேர்ந்தே கிடந்தன. எத்தனை சோப்பு போட்டாலும் ஒன்று போனால் இன்னொன்று நிற்கும். காலையில் லேபில் நண்டு ஜாடிகளைக் கழுவி ஒப்படைப்பேன். சாயங்காலம் அத்தையோடு பலகாரம் உருட்டுவேன்.

கொழுந்தன் கல்யாணமும் என் பிஎச்டி வைவாவும் அடுத்தடுத்து வந்தன. வியாழன் வைவா, திங்கள் கல்யாணம்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று. அந்த மாதத்தை நான் ஓலையை வைத்துத்தான் எண்ணினேன். முதல் ஓலைக்குள் ஸ்லைடு, இரண்டாம் ஓலைக்குள் டெய்லரிடம் ஜாக்கெட்... நடுவில் எல்கேஜி படித்த மகளுக்குத் தட்டம்மை வேறு.

எங்கள் பக்கத்துக் கல்யாணக் கார்டில் பெயரை விடப் படிப்புதான் நீளமாக இருக்கும். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டரான என் மாமனார், கார்டில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுவிட்டார்.

"இன்னும் வைவா முடியலையே மாமா" என்றேன்.

"கல்யாணத்துக்கு முந்தி முடிஞ்சிரும்லா? பொறவு என்ன?"

எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

என் ஆராய்ச்சி நீலக்கால் நண்டு. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நண்டு வரத்து எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்பது ஒரு முக்கியமான சாப்டர். திங்கள் முதல் சனி வரை விடியற்காலம் தெரேஸ்புரம் மீன் ஏலத்தில் நின்று, நண்டை எண்ணி, அளந்து, நோட்டில் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப் போட்டு எதுவும் கடலுக்குப் போகாது. இது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு. ஓலை முடிந்ததும் சபைச் செயலாளர் அந்த வருட அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாருக்கும் போடும் விருந்துக்கு, அறிவிப்பு வாசித்தார். பேச்சுவாக்கில் போன வருட அசனத் தேதியையும் சொன்னார்.

அந்தத் தேதி என் ஸ்லைடில் இருந்தது. 'அதிக நண்டு வந்த நாள்' என்று சிவப்பு எழுத்தில்.

அசனம் அன்றைக்கு ஞாயிறு. நான் காலையிலிருந்து கோயில் வளாகத்தில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டும் சோறு பரிமாறிக்கொண்டும் இருந்தேன். எந்த நண்டை எங்கே போய் அளந்தேன்?

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். எக்செலில் முதல் தேதியை அடித்துவிட்டு அப்படியே கீழே இழுத்திருக்கிறேன். எக்செலுக்கு என்ன தெரியும்? ஞாயிறையும் சேர்த்துப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. நான் ஞாயிறே இல்லாத நோட்டைப் பார்த்து, தேதியைக் கவனிக்காமல் எண்ணிக்கையை மட்டும் வரிசையாக அடித்திருக்கிறேன். முதல் வாரம் ஒரு நாள் பிசகு, அடுத்த வாரம் இரண்டு நாள்... மூன்று மாதக் கடைசியில் அமாவாசை நண்டெல்லாம் பௌர்ணமியில் நின்றது. அந்த சாப்டரே தப்பு.

திங்கட்கிழமை கைடு மேடத்திடம் சொன்னேன். "எக்ஸாமினர் ரெண்டு பேரும் ரிப்போர்ட் குடுத்தாச்சு. இனி யாரு காலண்டர வச்சி சரி பாக்கப் போறா? பேசாம வைவாவ முடிம்மா" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சிட்டே மேடம்... யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அவர் எக்செலைத் திறக்கச் சொல்லி வரிசை வரிசையாகப் பார்த்தார். பிறகு வைவாவைத் தள்ளிவைக்க லெட்டர் எழுதச் சொன்னார்.

துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர், "செய்தது சரிதான். ஆனா அப்பாட்ட நீயே சொல்லிரு, என்னால முடியாது" என்று நழுவிவிட்டார்.

மாமா அப்போதுதான் சாத்தான்குளத்தில் சொந்தக்காரர்களுக்குக் கார்டு கொடுத்துவிட்டு வந்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"என்னம்மா சொல்லுத? ஊரு பூரா கார்டு போயாச்சு. இனி எந்த மொகத்தோட நான் அங்கன போய் நிக்க?"

அவ்வளவுதான். அன்று அழுதேன். மிச்சம் இருந்த கார்டுகளில் ஸ்கேல் வைத்து 'டாக்டர்' என்பதைக் கறுப்புப் பேனாவால் அவரே அடித்தார். பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. கல்யாணத்தில் யாராவது கேட்டால், "இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அது எனக்கு வலித்தது. செய்தது சரி என்று தெரிந்தும் வலித்தது.

அந்த சாப்டரைத் திருப்பி எழுத ஏழு மாதம் ஆனது. வீட்டில் சாப்பாடு, காப்பி என்பதற்கு மேல் மாமா என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

வைவா அன்று ஹாலில் கடைசி வரிசையில் மாமா வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. எக்ஸாமினர் கேள்விகள் முடிந்து, வழக்கம்போல, "பார்வையாளர்கள் யாராவது கேக்கலாம்" என்றார்கள். மாமா எழுந்தார்.

"ஞாயித்துக்கெழம கணக்குல தப்பு இருந்தத நீங்களேதான் கண்டுபிடிச்சீங்க. சொல்லாம இருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஏன் சொன்னீங்க?"

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் என்னை 'நீங்க' என்று கூப்பிட்டது அன்றுதான்.

"அன்னைக்கி நான் அசனத்துல சோறு போட்டுக்கிட்டு இருந்தேன் சார். நண்டு அளக்கல."

ஹாலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சரி" என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம்.

இப்போது நானே கைடு. என்னிடம் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளின் வைவா பாதி ஆன்லைனில்தான் நடக்கிறது. ஹால் பிடிக்க வேண்டாம், டீ, வடை வேண்டாம், முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. வசதிதான், குறை சொல்ல மாட்டேன்.

மாமா போய் மூன்று வருடம் ஆகிறது.

கடைசியில் நான்தான் கேட்பேன், "எனி கொஸ்டின்ஸ் ஃப்ரம் த ஆடியன்ஸ்?" என்று. ஸ்கிரீனில் எல்லார் மைக்கும் ஆஃபில் இருக்கும். ஒருவரும் கேட்கப்போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டுத்தான் முடிக்கிறேன்.