கஞ்சி நூலும் செறகி வேட்டையும்

தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற, கஞ்சி போட்ட பாவு நூலுக்கென்று ஒரு வாசனை உண்டு... பழைய சோறு மாதிரி, லேசாகப் புளித்த வாசனை. நகரியில் நான் தறி ஓட்டிய காலத்தில் என் சட்டை, தலைமுடி, தலையணை எல்லாமே அந்த வாசனைதான்.

அந்த வாசனையோடுதான் தலை தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போனேன்.

வெதுருகுப்பம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த வருஷம் நல்ல மழை, ஏரி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. தீபாவளி அன்றைக்கு நோன்பு, வீட்டில் கறி கிடையாது. மறுநாள்தான் மாப்பிள்ளைக்குக் கறிச்சோறு.

ராத்திரி சாப்பாட்டில் மாமியார், "கோழி அறுக்கவா மாப்ள?" என்று கேட்டார். என் பெண்டாட்டி சுகுணாவின் அண்ணன் குமரேசன் சும்மா இருக்கக் கூடாதா?

"ஏரியில செறகி எறங்கிகீது. எங்க ஊரு மாப்ளைங்கன்னா அத்த புடிச்சாந்து போடுவாங்க. நீங்க தறிக்காரு... பாவம், கோழியே துன்னுங்க."

செறகி என்றால் காட்டு வாத்து. நான் வாழ்நாளில் ஒரு வாத்தையும் பிடித்தவனில்லை. ஆனால் கதவு ஓரமாக நின்று சுகுணா பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்தான்... வாய் சும்மா இருக்குமா?

"கோழிய உடுங்க அத்த. நாளைக்கு கறி என் பொறுப்பு."

மாமியார் நம்பிவிட்டார். ஐயோ, நம்பியே விட்டார்! மசாலாவுக்குத் தனியா, மிளகாயெல்லாம் அப்போதே எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்.

என் துணிவுக்குக் காரணம் வேறொன்றுமில்லை, பையில் கிடந்த ஒரு கட்டு பாவு நூல்தான். தறியில் மிஞ்சும் துண்டு நூல் அது. நகரியில் ஸ்வீட் பாக்ஸ் கட்டுவதிலிருந்து அவரைக்கொடி கட்டுவது வரை எங்களுக்கு அதுதான் கயிறு. கஞ்சி ஏறி, கம்பி மாதிரி விறைப்பாக நிற்கும். அதில் வரிசையாகச் சுருக்குப் போட்டேன். ஒவ்வொன்றும் வாயைத் திறந்துகொண்டு அழகாக நின்றது. குமரேசனே அசந்துபோனான்.

"பரவாயில்லையே மாப்ள!"

விடியும்போது மீன் குத்தகைக்காரரின் பரிசலைக் கேட்டு வாங்கிக் கிளம்பினோம். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீரை விட மணல்தான் அதிகம், எங்கே போய்க் கற்றுக்கொள்வது? "ஆழம் எப்படி மச்சான்?" என்றேன். குமரேசன் மதகுப் பக்கம் கையைக் காட்டி, "ஆளு முழுகும்" என்றான். அவன் சொன்னது மதகடியை. நான் எடுத்துக்கொண்டது மொத்த ஏரியையும்.

பரிசல் ராட்டினமாகச் சுற்றியது. நான் விளிம்பை விடவே இல்லை. கோரைப் புல் ஓரமாக இரண்டு குச்சி நட்டு, நடுவில் சுருக்குகளைத் தண்ணீரோடு ஒட்டினாற்போல் கட்டிவிட்டு, புல்லுக்குப் பின்னால் மறைந்துகொண்டோம்.

வந்தது பாருங்கள் கூட்டம்! 'ஸீ... ஸீ...' என்று விசில் அடித்துக்கொண்டு. ஒரு செறகி நேராக என் சுருக்குக்கே போனது. கழுத்தை நீட்டியது...

ஒன்றும் ஆகவில்லை. நூலைக் கொத்தியது. மறுபடியும் கொத்தியது.

குமரேசன் என் காதில் சொன்னான். "மாப்ள... அது கஞ்சி குடிச்சிகினு கீது."

நூலை ஊறவைத்தால் கஞ்சி விட்டுப்போகும் என்பது தறிக்காரன் வீட்டுப் பூனைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. விறைத்து நின்ற சுருக்கெல்லாம் ஊறித் துவண்டு தண்ணீரில் மிதந்தது.

வீட்டில் மசாலா அரைத்துக்கொண்டிருப்பார்களே... அந்த நினைப்பில், வந்தது வரட்டும் என்று கையாலேயே பிடிக்கப் பாய்ந்தேன். பரிசல் கவிழ்ந்தது. செறகியெல்லாம் பறந்தது. நான் உள்ளே.

சேறு காலைப் பிடித்தது. பாசி கழுத்தில் சுற்றியது. வாயெல்லாம் தண்ணீர். "மச்சான்! முழுகறேன்! காப்பாத்து!" என்று கத்திக்கொண்டு கையைக் காலை அடிக்கிறேன். அவனோ கவிழ்ந்த பரிசலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், பேச முடியாமல் சிரிக்கிறான். பாவி!

கரையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் விடுவிடுவென்று நடந்து வந்தாள். ஆமாம், நடந்து. சுகுணா.

அதுவரைக்கும் "ஏங்க" என்பதைத் தாண்டி என்னிடம் குரல் உயர்த்தாதவள் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"யோவ்! எழுந்து நில்லுய்யா! மொழங்கா தண்ணிதான்யா!"

நின்றேன். முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.

கரையில் எழுந்த சிரிப்பு வேலூர் வரைக்கும் கேட்டிருக்கும். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், கரை ஏறும்வரை விடவில்லை. இவளோடு காலத்துக்கும் இருந்துவிடலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

சொட்டச் சொட்ட வீட்டு வாசலில் போய் நின்றோம். மாமியார் அம்மிக்கல் முன்னாலிருந்து நிமிர்ந்து பார்த்து, "செறகி எங்க மாப்ள?" என்றார். அன்றைக்கு அந்த மசாலாவில் வெந்தது கத்திரிக்காய். மாமனார் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, "நல்ல எளசான செறகி மாப்ள" என்றார். ஆனால் கத்திரிக்காய் பிரமாதம், அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த ஏரியில் செறகி பிடித்தால் கேஸ். நல்லதுதான். கரையில் பைக்கை நிறுத்திவிட்டு பசங்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். தறியை நான் விட்டுப் பல வருஷமாகிறது. சட்டையில் சோப்பு வாசனைதான்.

போன மாதம் சுகுணா பாத்ரூமில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். திருப்பதியில் ஆபரேஷன். வாக்கரை முன்னால் வைத்து நர்ஸம்மா எழுந்து நிற்கச் சொன்னார். இவள் கட்டில் விளிம்பை விடவே இல்லை. கண்ணில் தண்ணீர்.

"பயமா கீதுங்க... உழுந்துடுவேன்."

நான் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன்.

"எழுந்து நில்லு சுகுணா. மொழங்கா தண்ணிதான்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள்... வார்டே திரும்பிப் பார்த்தது. ஒன்றும் புரியாமல் நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிரித்துக்கொண்டே எழுந்து நின்றாள். நின்று, மூச்சு வாங்கி, என்னைக் கேட்டாள்.

"செறகி எங்கய்யா?"