காலடி மண்

கிறிஸ்டினைப் பார்த்தாலே பிரவீனாவுக்கு வயிறு எரியும். வெளியே சொல்லக்கூடிய பெருமையா இது? ஆனாலும் எரிந்தது. வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் பெட்டி கட்டிவிட்டு, சனிக்கிழமையானால் மகளைத் தூக்கிக்கொண்டு மாசாய் டவுனிலிருக்கும் தெரப்பி மையத்துக்கு ஓடுகிறவளுக்கு, வயிறெரியவாவது உரிமை வேண்டாமா?

மகள் லோஷினிக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதத்தால் கைகால் விறைத்து வளர்ந்தவள். மூச்சு மேலோட்டமாகத்தான் வரும். ஒரு சொல் சொன்னால் அடுத்த சொல்லுக்குக் காற்று மிஞ்சாது. கிறிஸ்டினின் மகன் பிராண்டனுக்கும் அதே நோய், அதே வயது. இருவருக்கும் மூச்சுத் தசைப் பயிற்சி ஒரே நாளில்தான் தொடங்கியது. கையடக்கமான ஒரு குழாய், உள்ளே ஒரு ஸ்பிரிங். மூக்கைக் கிளிப்பால் அடைத்து, வாயால் பலமாக இழுத்தால்தான் காற்று வழிவிடும். பிள்ளைக்குப் பலம் கூடக்கூட, தெரப்பிஸ்ட் ஐலீன் அதன் திருகை இறுக்குவாள்.

பிராண்டனின் திருகு மாதாமாதம் இறுகிக்கொண்டே போனது. லோஷினியின் திருகோ பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு சனிக்கிழமை, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பிராண்டன் "மம்மீ!" என்று கூப்பிட்டான். வாசல்வரை கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். பிரவீனாவும் தட்டினாள்.

"அலமாக், என்னா சத்தம் லா இவனுக்கு!"

உதடுதான் சிரித்தது. என் பிள்ளைக்கு இல்லாத மூச்சு இவனுக்கு மட்டும் எதற்கு என்று உள்ளே ஒரு நினைப்பு வந்தது. வந்தேவிட்டது, பாவி மனசு!

அதன்பின் இரண்டு வாரமாகப் பிராண்டனைக் காணவில்லை. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறான் என்றாள் ஐலீன். மழைக்காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றும் சொன்னாள். அது பிரவீனாவின் காதில் ஏறவே இல்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. பட்ட கண் யாருடையது என்று அவளுக்குத்தானே தெரியும்.

கண் வைத்தவரின் காலடி மண்ணோடு உப்பும் மிளகாயும் சேர்த்துச் சுற்றிப் போட வேண்டும். ஊரெல்லாம் அடுத்தவள் காலடி மண்ணைத் தேடும். இவள் தன் காலடி மண்ணையே தேடினாள். அடுக்குமாடியில் மண்ணுக்கு எங்கே போவது? கீழே இறங்கி, மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துச் சேற்றை மிதித்து, செருப்பைக் காயவைத்துச் சுரண்டினாள்.

"என்னாடி, செருப்பப் போய்ச் சொறிஞ்சிக்கிட்டு இருக்க?" என்றான் கணவன் ஜெயபாலன்.

"புள்ளையப் பாத்துக்குங்க, வந்துர்றேன்."

கிறிஸ்டின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சுவரில் சிலுவை. அதன்கீழே தலையணைகளில் சாய்ந்திருந்த பிராண்டனின் தொண்டை களகளத்தது. பிரவீனா கொண்டுவந்த உப்பு, மிளகாய், மண் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"என்னா இது?" என்றாள் கிறிஸ்டின்.

"சுத்திப் போடலாம்னு, அக்கா."

"யாரு கண்ணாம்?"

பிரவீனா தரையைப் பார்த்தாள். "என் கண்ணுதான். அன்னிக்கு அவன் கூப்பிட்டப்போ எனக்கு வயிறெரிஞ்சிச்சி. இது என் காலு மண்ணு."

கன்னத்தில் அறை விழும் என்றுதான் நினைத்தாள். கிறிஸ்டின் வாசலுக்குப் போனாள். தன் செருப்போடு திரும்பிவந்து, அதைப் பொட்டலத்தின்மேல் தட்டினாள்.

"இதையும் சேத்துக்க. வீட்டுக்குப் போய் உன் மகளுக்கும் சுத்து."

"எதுக்குக்கா?"

"சென்டர் கேண்டீன்ல உன் மக ரொட்டி சானாய் கடிச்சித் தின்னா. இவனுக்கு இன்னிக்கும் அரைச்ச சோறுதான், அதுலயும் புரை ஏறுது. நான் பாத்த பார்வை எனக்குத்தான் தெரியும்." கிறிஸ்டின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மிளகாயக் கொளுத்தாத. புகைய இவன் நெஞ்சு தாங்காது. சுத்தி வெளிய போட்டுரு."

என்னைப் பார்த்தா இவளுக்கு எரிந்தது? பிரவீனாவுக்கு நம்ப முடியவில்லை. பொட்டலத்தில் பாதியை மகளுக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியைக் கையில் மூடிச் சுற்ற ஆரம்பித்தாள். அப்போது பிராண்டன் இருமினான். அடிவயிற்றிலிருந்து வந்த இருமல். கட்டியிருந்த சளி ஒரே மூச்சில் வாய்க்கு வந்துவிட்டது.

"பாத்தியா?" என்றபடி அவன் வாயைத் துண்டால் துடைத்தாள் கிறிஸ்டின். "பயிற்சிக்கு முந்தியெல்லாம் இவனுக்கு இப்பிடி இரும வராது."

பிரவீனாவின் கை பாதிச் சுற்றில் நின்றது. லோஷினிக்குச் சளி கட்டினால் மெஷின் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். அடேயப்பா, என்ன இருமல்! என்ன பலம்! வயிற்றில் மறுபடியும் அதே எரிச்சல்.

அவள் வாசலுக்குப் போய், தன் செருப்பின் அடியைச் சுரண்டி இன்னொரு சிட்டிகை எடுத்துவந்து, முதலிலிருந்து சுற்றத் தொடங்கினாள்.