டெல்பர்ட்டின் காப்பித் தோட்டா

மூன்று பொட்டலம் சர்க்கரையைக் காப்பியில் கொட்டிவிட்டு, டெல்பர்ட் ஹாகன் சட்டைப் பையிலிருந்து தோட்டாவை எடுப்பார். காலித் தோட்டா அல்ல, மருந்தும் குண்டும் உள்ள முழுத் தோட்டா. ஈயம் உடம்புக்கு ஆகாது என்று குண்டு நுனியை விரலில் பிடித்துக்கொண்டு, பித்தளை அடிப்பக்கத்தால் நிதானமாகக் கலக்குவார். பிறகு பேன்ட்டில் துடைத்து மறுபடி பைக்குள். என் கடையின் பிளாஸ்டிக் ஸ்பூன்களை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

வேட்டைக் காலத்தில் மொன்டானாவில் எங்கள் ஊர் ஆட்கள் சுட்டுக் கொண்டுவரும் எல்க் மான்களை அறுத்துப் பொட்டலம் கட்டித் தருவது என் பிழைப்பு. வருகிறவர்களுக்குக் காப்பியும் டோனட்டும் இலவசம். இறைச்சிக்குள் குண்டு கிடைத்தால் உரியவரிடம் காட்டிவிட்டு, மேசைமேல் இருக்கும் ஜாடியில் போடுவேன். நான் கதவைத் திறக்கும் முன்பே டெல்பர்ட் வாசலில் நிற்பார், ஜாடியை ஆராய. வயது எழுபத்தொன்று.

அவருக்குத் தோட்டா என்றால் ஒன்றுதான்: தேர்ட்டி நாட் சிக்ஸ், 1906-இல் வந்தது. புது ரகம் வாங்கியவன் அவர் கையில் சிக்கினால் தொலைந்தான். "ஏம்ப்பா, 1906-க்கு அப்புறம் எல்க்குக்குத் தோல் தடிச்சுப் போச்சா?" என்பார். அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வது மருமகன் கைல். குழாய் ரிப்பேர் செய்கிறவன், சாது. இரண்டு வருடத்துக்கு முன் புதிதாய் வந்த ஏழு மில்லிமீட்டர் துப்பாக்கி வாங்கிவிட்டான்.

"மலையில தோட்டா தீந்துட்டா என்ன பண்ணுவே மாப்ளே? ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு, எல்க்க நில்லுன்னு சொல்லுவியா?"

கைல் சிரித்துக்கொண்டே டோனட் தின்பான். எனக்குத்தான் பாவமாக இருக்கும்.

இந்த வருடம் முதல் நாளே டெல்பர்ட் பெரிய ஆண் எல்க்கோடு வந்தார். பக்கத்துக்கு ஆறு கிளைக் கொம்பு. "ஒரே வெடி. நாட் சிக்ஸ்," என்றார். அன்று அந்தக் கதையை நாலு பேரிடம் சொன்னார், ஒவ்வொரு தடவையும் தூரம் ஐம்பது கஜம் கூடியது. கைல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை, அந்த எல்க்கின் தோள் தோலுக்கடியில் குண்டு அகப்பட்டது. டெல்பர்ட்டின் குண்டு எனக்குத் தெரியாதா? மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி நசுங்கிய ஈயம். இதுவோ சுத்தச் செம்பு, நாலு இதழாக விரிந்திருந்தது. எங்கள் ஊரில் அது கைலின் துப்பாக்கியிலிருந்துதான் வரும். டெல்பர்ட்டைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். என் வாய்தான் எப்போதும் முந்திக்கொள்ளுமே. "டெல்பர்ட், உங்க குண்டு," என்று மேசைமேல் வைத்துவிட்டேன். கடையில் ஆறு பேர்.

நாற்பது வருடமாக அவரிடம் பேச்சு வாங்கியவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

"அது போன வருஷம் என் எல்க்குல எடுத்தது," என்றான் கைல். "ஜாடியிலேருந்து விழுந்திருக்கும்."

அவனுக்குப் பொய் சொல்ல வராது. கழுத்து வரை சிவந்துவிட்டது. எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

டெல்பர்ட் மருமகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து காப்பித் தோட்டாவை எடுத்து, அடிப்பக்கத்தை எங்களுக்குக் காட்டினார். நடுவில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம். குத்தியும் வெடிக்காத தோட்டா.

"ராசியான தோட்டான்னு முதல்ல இதைத்தான் போட்டேன்," என்றார். "பதினோரு வருஷக் காப்பி உள்ள இறங்கியிருக்கு. கிளிக்குன்னுச்சு, அவ்வளவுதான். எல்க்கு திரும்பி என்னையே பாக்குது. மாப்ளதான் தன் துப்பாக்கிய என் கையில குடுத்தான். வெளியே சொல்லாதேன்னு நான் கேக்கலை. அவனா சொல்லாம இருந்தான்."

சிரிப்பு அடங்க நேரமானது. நான் அவருக்குக் காப்பி ஊற்றினேன். மூன்று பொட்டலம் கொட்டினார். கெட்டுப்போன தோட்டாவை ஜாடிப் பக்கம் தள்ளிவிட்டு, மருமகனைப் பார்க்காமலே அவன் பக்கம் கையை நீட்டினார்.

கைல் தன் பையிலிருந்த புது ரகத் தோட்டா ஒன்றை அந்தக் கையில் வைத்தான். டெல்பர்ட் அதைப் பேன்ட்டில் துடைத்தார், நுனியைப் பிடித்துக்கொண்டார், காப்பியைக் கலக்க ஆரம்பித்தார்.