நைனாவுக்கு வந்த தட்டம்மை

அன்றைக்குக் கரையில் நின்றவர்கள்: அத்தை, அம்மா, அம்மா இடுப்பில் எட்டு மாதத் தம்பி, பக்கத்தில் நான். படகில் வந்தவர் என் அப்பா, நைனா, ஒருவர்தான். ஏரி வற்றியிருந்தது. சேறு வெயிலில் வெந்து அந்த வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதனால் எழுத்து கொஞ்சம்தான் வரும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டுக்குப் பக்கம். நைனா சுண்ணாம்புக்குளத்தில் சிநேகிதர் வீட்டில் தங்கி, அவரோடு சேர்ந்து வலை போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். இறங்கும்போதே இருமினார். மூக்கு ஒழுகியது. கண் இரண்டும் மிளகாய்த்தூள் பட்டதுபோல் சிவந்திருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. அவரைப் பார்த்ததும் தம்பி இரண்டு கையையும் நீட்டினான். நைனா ஓடி வந்தார்.

அத்தை குறுக்கே பாய்ந்து மீன்கூடையை அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். அத்தை நைனாவுக்கு மூத்தவள். யாருக்கும் பயப்பட மாட்டாள்.

"நில்லுடா. இன்னா இது மூஞ்சில?"

"சொறி பட்டுடுச்சுக்கா. முகத்துவாரத்தாண்ட ஒரே சொறி. வழி வுடு."

சொறி என்பது கடலில் மிதந்து வரும் வழவழப்பான உயிர். மேலில் பட்டால் தோல் தடித்துச் சிவந்துவிடும். எங்கள் ஆட்களுக்கு உடம்பில் எது சிவந்தாலும் அது "சொறி"தான். ஜுரம் வந்தால் வெயில், கண் சிவந்தால் உப்புத்தண்ணி, இருமினால் பனி. எல்லாப் பழியையும் ஏரி மேல் போட்டுவிட்டு மறுநாளும் வலைக்குப் போய்விடுவார்கள்.

அத்தை அவர் காதைப் பிடித்து இழுத்துப் பின்பக்கம் பார்த்தாள்.

"சொறி கால்ல சுத்தும், கையில சுத்தும். காதுக்குப் பின்னாடி போயா ஒளிஞ்சுக்கும்? நீ இன்னா தலைகீழா நீந்தினியா?"

"நாப்பது வயசுல எவனுக்குக்கா அம்மை வரும்?"

"உனக்கு வந்துகீதே. அந்த வூட்டுல புள்ளைங்க யாருனா படுத்துனு இருந்துச்சா?"

நைனா தலையைச் சொறிந்தார். "சின்னது ஒண்ணு படுத்துனு இருந்துச்சு. வாசல்ல வேப்பிலை கட்டியிருந்தாங்க. அது புள்ளைங்களுக்குத்தானேனு..."

அம்மா தம்பியை முந்தானையால் மூடிக்கொண்டு பின்வாங்கினாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தை விட்டு விலகி நின்றாள்.

அதற்குக் காரணம் உண்டு. எனக்கு நாலு வயதில் தட்டம்மை வந்தது. அதே பாயில் வள்ளி அக்காவுக்கும் வந்தது. எனக்கு வந்தது போய்விட்டது. அக்காவுக்கு நெஞ்சுக்குள் இறங்கி மூச்சு வாங்கியது. ஆத்தா வந்த வீட்டில் ஊசி மருந்து கூடாது என்று யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவில்லை. அக்கா இல்லை.

ஊருக்கு ஊசி போட வரும் நர்சம்மாவை அத்தையே போய் அழைத்து வந்தாள். நர்சம்மா நைனாவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் உப்பைத் தூவியதுபோல் வெள்ளை வெள்ளையாகப் பொடி. "தட்டம்மைதான். பெரியவங்களுக்கு வந்தா இன்னும் படுத்தும்" என்றார். தும்மினாலும் இருமினாலும் காற்றிலேயே பரவும், ஒரே வீட்டில் வைக்காதீர்கள் என்றார். தம்பிக்கு ஊசி போட ஒன்பது மாதம் ஆகவேண்டும். ஆனால் ஊருக்குள் அம்மை வந்துவிட்டால் முன்னாலேயே ஒன்று போடலாம், அது கணக்கில் சேராது, ஒன்பது மாதத்தில் திரும்பப் போடவேண்டும் என்று சொல்லி, மறுநாள் ஐஸ் பெட்டியில் மருந்து கொண்டுவந்து போட்டார். தம்பி கத்திய கத்து அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

நைனா வலைக் கொட்டகைக்குப் போனார். அது ஒல்லாந்தர் கல்லறையை ஒட்டி இருந்தது. கல்லறை வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். "துணைக்கு ரெண்டு பேரு கீறாங்க, பயப்படாத" என்று அத்தை வழியனுப்பினாள்.

தட்டம்மை ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வராது. போன தடவை நைனாவும் அம்மாவும் எப்படியோ தப்பியிருந்தார்கள்; எங்கள் வீட்டில் வந்து போனது அத்தைக்கும் எனக்கும்தான். அத்தை காலையிலேயே மீன் விற்கப் போய்விடுவாள். ஆகவே நைனாவுக்கு நான்தான் டாக்டர். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடைத்ததில்லை. ஊரையே அதட்டும் மனிதர், என் சொல்படி வாயைத் திறப்பார், மாத்திரை விழுங்குவார், கண் கூசுகிறது என்றால் நான் சாக்குத் திரையை இழுத்துவிடும் வரை காத்திருப்பார்.

"கஞ்சி வேணாம் கண்ணு."

"குடி நைனா. நர்சம்மா சொல்லிகீறாங்க."

"உங்க நர்சம்மாவைக் குடிக்கச் சொல்லு."

மூச்சு வாங்கினாலோ, காது வலித்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஓடி வா, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவிடலாம் என்று நர்சம்மா எனக்குச் சொல்லியிருந்தார். நான் அடிக்கடி நைனாவின் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பேன். "இன்னா கேக்குது?" என்பார். "ஒண்ணும் கேக்கல" என்பேன். "அப்போ செத்துட்டேன் போல" என்பார்.

சண்டை வந்தது மீனுக்குத்தான். அம்மை கண்ட இடத்தில் மீன் ஆகாது, தாளிப்பு வாசனை ஆகாது. இது எங்கள் பக்கத்து முறை. மீன்காரனுக்கு மீன் இல்லை. நைனா சுருண்டு போனார். நர்சம்மாவோ நன்றாகச் சாப்பிடவேண்டும், மீனும் தரலாம் என்கிறார். அம்மா மாட்டேன் என்றாள். அத்தை யோசித்தாள். "தாளிச்சாத்தானே ஆத்தாவுக்குக் கோவம்? தாளிக்காமப் போட்டா?" என்று கேட்டுவிட்டு, மடவையை மஞ்சள் போட்டு வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள். நைனா ஒரு வாய் குடித்து, "இது மீன் குளிச்ச தண்ணி" என்றார். தூக்கு காலியாகத்தான் திரும்பி வந்தது.

அவருக்கு ஜுரத்தைவிடப் பெரிய வேதனை தம்பியைத் தூக்க முடியாதது. அதனால் சாயங்காலம் அம்மா தம்பியை எடுத்துக்கொண்டு கல்லறைச் சுவருக்கு அந்தக் கடைசியில், காற்று வரும் பக்கமாக வந்து நிற்பாள். நைனா கொட்டகை வாசலில் உட்கார்ந்து, மீனை வலைக்குள் விரட்ட படகில் தட்டுவதுபோல், கம்பால் பலகையைத் தட்டுவார். டொக் டொக் டொக். அந்தச் சத்தத்துக்கு ஏரியில் மடவை தண்ணீரை விட்டு எழும்பிக் குதிக்கும். தம்பி அம்மா கையில் அப்படித்தான் துள்ளினான். அவன் சிரிக்கிற சத்தம் கல்லறையைத் தாண்டி வரும். நைனா இன்னும் வேகமாகத் தட்டுவார். அம்மாவும் சிரிப்பாள், ஆனால் சிரித்துக்கொண்டே தம்பியின் காதுமடலை மடக்கிப் பின்னால் பார்ப்பாள்.

புள்ளி நைனாவின் முகத்திலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து காலுக்கு இறங்கி, கறுத்து, உதிர்ந்தது. தம்பிக்கு வருவதானால் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும் என்றிருந்தார் நர்சம்மா. அந்த இரண்டு வாரமும் அம்மா சரியாகத் தூங்கவில்லை. அவன் தும்மினால் வீடே எழுந்து உட்கார்ந்தது. கடைசியில் நர்சம்மா வந்து, காதைப் பார்த்து, வாயைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, தூக்கிக் குடுங்க அவர்கிட்ட" என்றார். நைனா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நின்றார். தம்பி அவர் மீசையைப் பிடித்து இழுத்தான். அம்மா அப்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு நைனா ஊசிக்கு ஆள் பிடிப்பவர் ஆகிவிட்டார். நர்சம்மா வரும் நாளில் தோல் உரிந்த முகத்தோடு வீடு வீடாகப் போய், "என் மூஞ்சியப் பாரு. புள்ளைக்கு இது வேணுமா?" என்பார். வராதவர்களுக்கு, "என் படகுல உனக்கு எடமில்ல" என்பார். ஒன்பது மாதமானதும் தம்பிக்குத் திரும்ப ஊசி போட்டபோது, அவனைவிட நைனா அதிகமாக முகத்தைச் சுளித்தார்.

வலைக் கொட்டகை இப்போது இல்லை. எலும்புக்கூடுகள் நிற்கின்றன. நைனாவும் அத்தையும் போய்விட்டார்கள். தட்டம்மைக்காக வாசலில் வேப்பிலை செருகிய வீட்டை எங்கள் குப்பத்தில் நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. இப்போது ஒன்பது மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதில் இன்னொன்று என்று இரண்டு ஊசி. போன பொங்கலுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். தம்பி படகுப் பலகையைத் தட்டினான். என் பேத்தி துள்ளினாள். கரையில் உட்கார்ந்து எண்ணினேன். தம்பியில் தொடங்கி, எங்கள் வீட்டில் ஊசி போட்டு, தட்டம்மை காணாமல் வளர்ந்த பிள்ளைகள்.

பதினொன்று.