சுந்தரேஸ்வரி மாற்றிய டயோடு

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் மிக்ஸியோ அயர்ன்பாக்ஸோ மக்கர் செய்தால் சுந்தரேஸ்வரி அக்கா வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போவோம். கல்யாணத்துக்கு முன்னால் டியூப்லைட்டுக்கு எலக்ட்ரானிக் சோக் செய்யும் பட்டறையில் சால்டரிங் வேலை பார்த்தவர். அவருடைய கணவர் லிங்கராஜ் அண்ணாச்சி மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். தொண்ணூறுகளில் அம்மன் கோவில் கொடை விழாக்களில் அவர்கள் கச்சேரி என்றால் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிடுவார்கள். எட்டயபுரத்தில் அண்ணாச்சி வாசித்ததைக் கேட்ட பிறகுதான் அக்கா இந்த மாப்பிள்ளைக்கே சம்மதம் சொன்னாராம். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதும், "சும்மா இருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கொரோனா ஓய்ந்த மறுவருஷம் அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்தது. நடையும் பேச்சும் மெல்லத் திரும்பின. இடது கையில் ஆள்காட்டி விரல் மட்டும்தான் திரும்பியது. கிட்டாரில் கம்பிகளை அழுத்திப் பிடிப்பது இடது கை. அவர் கிட்டாரை உறைக்குள் போட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டார். யாராவது கேட்டால் பேச்சை மாற்றினார்.

பெங்களூரில் இருக்கும் மகனுக்கு மனசு கேட்கவில்லை. ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வாங்கி அனுப்பினான். காலால் மிதித்தால் கிட்டார் சத்தத்தில் கரகரப்பை ஏற்றி, நீட்டித் தருகிற சின்னப் பெட்டி. தடித்த கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால், ஒற்றை விரலை மூன்று கம்பிகள் மேல் படுக்கவைத்தாலே சுதி சேரும், மீதியைப் பெடல் நிரப்பும் என்று போனில் விளக்கமும் சொன்னான்.

அண்ணாச்சி ஒரே ஒரு தடவை வாசித்துப் பார்த்தார்.

"தகரத்துல ஆணிய வச்சுக் கீறுத மாதிரி இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

அக்கா நாலு திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்த சாமான்கள்தான். எதை மாற்றினால் சத்தம் எப்படி மாறும் என்பதுதான் தெரியாது. வெளிநாட்டுக்காரர்கள் பெடலைப் பிரித்துப் போட்டுக் காட்டும் வீடியோக்களைப் பாஷை புரியாமலே திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு கணவரிடம் போனார்.

"உங்க பழைய சத்தம் எப்படி இருக்கும்? சொல்லுங்க."

"அத எப்படிச் சொல்ல?" என்றார். "கருப்பட்டிப் பாகு எறங்குத மாதிரி இருக்கும். ஒரு தட்டு தட்டுனா, அடுத்த தட்டு வார வரைக்கும் அங்கனயே நிக்கும்."

அக்கா முதலில் ஒரு கெப்பாசிட்டரை மாற்றினார். தகரச் சத்தம் அடங்கிக் கனம் கூடியது. கீறல் மட்டும் போகவில்லை. அது போக வேண்டுமானால், சத்தத்தின் உச்சியை நறுக்கிக் கரகரப்பாக்கும் இரண்டு டயோடுகளையும் எடுத்துவிட்டு, பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடி டயோடுகளைப் போட வேண்டும். அவை மென்மையாக நறுக்கும். ஒன்றை அண்ணாச்சியின் சிநேகிதர், குழுவில் டிரம்ஸ் வாசித்த வேல்சாமி, தன் வீட்டுப் பரணில் கிடந்த ரேடியோவிலிருந்து கொடுத்தார். இன்னொன்று இவர்கள் கல்யாணமான வருஷம் வாங்கிய ரேடியோவில் இருந்தது.

"ஏட்டி, அதுல எத்தன பாட்டு கேட்டிருக்கோம்! அதையா பிரிக்கப் போற?"

"அது ஊமையாகி எவ்வளவு காலமாச்சு? சும்மாதான கெடக்கு."

அண்ணாச்சி தானே ரேடியோவை எடுத்துத் துண்டால் துடைத்து அக்கா முன்னால் வைத்தார்.

வீட்டு ரேடியோவின் டயோடு நல்லபடியாக உட்கார்ந்தது. வேல்சாமி கொடுத்ததன் கம்பிக் காலை வளைக்கும்போது கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. வேறு கைவசம் இல்லை. அந்தப் பக்கத்துக்குக் கம்பெனி டயோடையே திரும்பப் பற்றவைத்தார்.

"இன்னைக்கு இம்புட்டுதான். ஒரு பக்கம் நம்ம ரேடியோ, ஒரு பக்கம் கம்பெனிச் சாமான். தட்டிப் பாருங்க."

அண்ணாச்சி விரலைப் படுக்கவைத்துத் தட்டினார். சத்தம் கனமாக எழுந்து, உடையாமல் நின்று, ஓரங்களில் மட்டும் லேசாகக் கமறியது. இன்னொரு தடவை தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை கேட்டார்.

"வேல்சாமிக்குப் போன் போடு" என்றார்.

வேல்சாமி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் விரலால் தாளம் போட்டபடி முழுதாகக் கேட்டார்.

"மதினி, தப்பா நினைக்காதீங்க. இது நம்ம பழைய சத்தம் இல்ல. அதுல இவ்வளவு துக்கம் கெடையாது."

அக்காவின் முகம் வாடியது. அண்ணாச்சி சிரித்தார்.

"ஏலே, பழைய கையா இருக்கு, பழைய சத்தம் வர? எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. சுந்தரி, இன்னொரு டயோடு தேட வேண்டாம். பெட்டிய மூடிரு."

போன தை மாதம் வேல்சாமி மகள் கல்யாண வரவேற்பில் பழைய குழு மறுபடி கூடியது. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். இரண்டாவது பாட்டில் விரல் பிடித்துக்கொண்டது. அவர் கையை உதறி, மறுபடி கம்பியில் வைக்கும்வரை வேல்சாமி டிரம்ஸை விடாமல் ஓட்டினார். அக்கா மைக்செட்காரர் பக்கத்தில் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். கிட்டார் மறுபடி சேர்ந்துகொண்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பந்தியில் அண்ணாச்சிக்கு வாய் ஓயவில்லை. ஒரு கச்சேரிக்குப் போகையில் இடைசெவல் பக்கம் கரிசல் சேற்றில் வேன் புதைந்து, பாடகியிலிருந்து எல்லோரும் இறங்கித் தள்ளிய கதை. சேறு அப்பிய காலோடு மேடையேறிய கதை. எதிரே இருந்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"பாயாசம் ஆறுது, மொதல்ல குடிங்க" என்றார் அக்கா.

"ஏட்டி, இரு, வேன் இன்னும் சேத்துலருந்து மேல ஏறல" என்றார் அண்ணாச்சி.