குடையை மடக்காத நாள்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பத்திரிகையில் என் அண்ணனைக் குடிகாரன் என்று எழுதியவர் அன்று அங்கே இல்லை. நான் இருந்தேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் பெக்கோக் பக்கம். வெள்ளைக்காரத் துரையோ போலீஸ் அதிகாரியோ எதிரே வந்தால் நாங்கள் குடையை மடக்கிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். வெயிலோ மழையோ, அதுதான் வழக்கம். அன்று கொட்டுகிற மழை. காய்ச்சல்கண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனார். எதிரே இன்ஸ்பெக்டர் வந்தார். அண்ணன் ஓரமாக நின்றார். குடையை மட்டும் மடக்கவில்லை. தடியால் விழுந்த அடியில் வலது மணிக்கட்டு முறிந்தது. பால் வெட்டும் கத்தியை இனி அந்தக் கையில் பிடிக்க முடியாது.

அண்ணன் புகார் கொடுத்தார். பயமுறுத்தியும் திரும்ப வாங்கவில்லை. சிகாமட் கோர்ட்டில் விசாரணை என்றதும் எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனமே ரயிலுக்குக் கிளம்பியது.

"போறவங்களுக்கு இன்னிக்குச் சம்பளம் கிடையாது!" என்று கங்காணி கத்தினார்.

"நீங்களே வச்சுக்குங்க கங்காணி. மரம் எங்கேயும் ஓடிடாது லா," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

கோர்ட்டில் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து நின்று சொன்னார்: அந்த ஆள் கள் குடித்திருந்தான். புத்தி தெளிவாக இருந்தால் எந்தக் கூலியும் தன்னைக் கண்டதும் குடையை மடக்கியிருப்பான். தானே வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

அண்ணன் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். அவர் கும்பிடக்கூட இல்லை. கட்டுப்போட்ட கையை நீதிபதியிடம் காட்டிச் சொன்னார்: "கை போனது போகட்டும் எஜமான். நான் குடிக்கல. அதை மட்டும் எழுதுங்க."

எழுதவில்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டார்கள்.

வெளியே நல்ல வெயில். இன்ஸ்பெக்டர் படிக்கட்டின் கீழே சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டித்தான் நாங்கள் போக வேண்டும். எல்லாருடைய குடையும் பழக்கத்தில் மடங்கியே இருந்தது.

எனக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. என் குடையை விரித்தேன். விரித்தபடியே அவர் முன்னால் நடந்தேன்.

பின்னால் அக்கா ஊருக்கே கேட்கும்படி கேட்டாள்: "என்னா தங்கச்சி, நீயும் ஊத்திக்கிட்டியா?"

"ஆமாக்கா," என்றேன். "காலையிலேயே."

அக்கா சிரித்துக்கொண்டே தன் குடையை விரித்தாள். பிறகு படபடவென்று எல்லாக் குடைகளும் விரிந்தன. குடை இல்லாதவர்கள் துண்டைத் தலைக்கு மேல் பிடித்தார்கள். "எனக்கும் போதை!" "எனக்கு ரெட்டைப் போதை!" என்று சொல்லிக்கொண்டே வரிசையாக அவரைக் கடந்தோம். எதிர்க் காப்பிக்கடைச் சீனருக்கு யார் விஷயத்தைச் சொன்னார்களோ, அவரும் ஒரு காகிதக் குடையை விரித்துக் கடை வாசலில் நின்றார்.

"மடக்கு!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். ஒருவரும் மடக்கவில்லை. அத்தனை பேரையும் அவரால் என்ன செய்ய முடியும்?

கடைசியாக அண்ணன் வந்தார். இடது கையில் குடை. காய்ச்சல் தேறிய மகள் அதன் நிழலில் நடந்து வந்தாள். அவர் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கடந்தார்.

என் அண்ணன் குடித்திருக்கவில்லை. கோர்ட்டு எழுதாததை நான் இங்கே எழுதிவிட்டேன்.

மறுநாள் மழை. பால் வெட்டு இல்லை. அண்ணனுக்கு இனித் தோட்டத்தில் வேலை இல்லை என்று கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போனார்.