கம்பவுண்டரின் கைக்குட்டை

ஆரியசாலை மருந்துக்கடைக் கம்பவுண்டர் பேச்சுக்கு நடுவே கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருப்பார். எச்சில் நிற்காது; பேசும்போது முன்பற்கள் ஆடும். பல் முளைக்கும் என் மகளுக்குப் பாதரச உப்புப் பொடி கொடுத்தவர் அவர்தான்.

அடுத்த பொட்டலம் வாங்கும்போது கேட்டேன்: "பொடி கொடுத்ததிலேர்ந்து குழந்தைக்கு எச்சில் ரொம்ப வழியறதே?"

"வழியணும் சாமி. மருந்து பிடிச்சதுக்கு அதாக்கும் அடையாளம்."

"உங்களுக்கு எத்தனை நாளா வழியறது?"

கைக்குட்டை வாயிலேயே நின்றது.

"நான் மருந்து சாப்பிடலியே. பன்னிரண்டு வருஷமா இந்தப் பொடியை அரைக்கேன், அவ்வளவுதான்" என்றார். பிறகு என் கையிலிருந்த பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடினேன். மகள் எச்சில் வழியச் சிரித்தாள். பல்லுக்கு வழிகிறதா, பொடிக்கு வழிகிறதா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.